திங்கட்கிழமை ரசீதுகள்

வரிசையாகத்தான் சொல்லுவேன் தம்பி. அவசரப்படாதீர்கள். இந்தக் கலெக்டர் ஆபீஸ் வரிசை பதினோரு மணிக்கு முன்னால் ஓர் அடி நகராது. நாற்பது வருடமாகத் திங்கட்கிழமைதோறும் நிற்கிறவன் சொல்கிறேன்.

முதலாவது அநியாயம், குடிதண்ணீர். எழுபத்தேழாம் வருடம். உப்பளத்தில் வேலை செய்த எங்களுக்குத் தார் டின்னில் தண்ணீர் வைத்தார்கள். குடித்தால் ரோடு போடுகிற வாசனை. பதினொரு நாள் பாத்தியில் கால் வைக்கமாட்டோம் என்று உட்கார்ந்தோம். பானை வந்தது.

இரண்டாவது, கறுப்புக் கண்ணாடி. எண்பத்து மூன்று. வெயிலில் உப்பைப் பார்த்துக்கொண்டே நின்றால் கண் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிற ஆள். இருநூறு பேருக்கு நாற்பது கண்ணாடி அனுப்பினார்கள். எல்லோருக்கும் வரும்வரை ஒருவரும் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். பிறகு ஒவ்வொருவராகப் போய் ரகசியமாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நான் இன்றுவரை போடவில்லை. மீதி நூற்று அறுபது இன்னும் வரவில்லையே!

மூன்றாவது, முருகன். தொண்ணூற்று ஒன்று. முருகன் என்கிற கணக்கப்பிள்ளை ஒரு பெண்ணைக் கை நீட்டி அடித்துவிட்டான். மனு போட்டோம். விசாரிக்க வந்த அதிகாரி, "எந்த முருகன்?" என்று கேட்டான். அந்த அளத்தில் நான்கு முருகன். நான்கு பேரும் நான் இல்லை என்றார்கள். கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்க அமைப்பாளராக மூன்று விதி எழுதினேன். ஒன்று, குற்றவாளியின் பெயரைத் தகப்பன் பெயரோடு, பட்டப்பெயரோடு, பார்க்கிற வேலையோடு எழுத வேண்டும். இரண்டு, மனுவில் காலிக் கட்டம் விடக்கூடாது. நீ காலியாக விட்ட இடத்தில் அதிகாரி அவன் பொய்யை எழுதிக்கொள்வான். மூன்று, ஊரை விட்டுக் கிளம்புமுன் ஐந்து சாட்சிக்கு முன்னால் மனுவை உரக்க வாசிக்க வேண்டும். இந்த மூன்று விதியையும் நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. துண்டறிக்கை படித்து வளர்ந்த மூளை இது.

நான்காவது, எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக் கழிப்பறை. கட்டினார்கள், கதவு இல்லை. மூன்று மனுவில் கதவு வந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை.

ஐந்தாவது, சொர்ணக்கிளி.

சிரிக்காதீர்கள். அது ஒரு பெண்ணின் பெயர். எங்கள் ஊர்க்காரிதான். அவளுடைய அப்பன் என் சங்கத்தில் கொடி பிடித்தவன். இவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிற சுகாதாரப் பணியாளர் ஆனாள். நீலச் சேலை, தோளில் ஒரு பை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவளுக்குப் புது உத்தரவு வந்தது. பள்ளிக்கு அடிக்கடி வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து, நோய் நொடி என்றால் வைத்தியம் பார்த்துத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம். பத்தொன்பது பேர் பட்டியலோடு தெருவில் இறங்கிவிட்டாள்.

நான் நிறுத்திக் கேட்டேன். "பிள்ளைங்க ஏன் பள்ளிக்கூடம் போகலன்னு எனக்குத் தெரியும். கூலி பத்தல. அத எழுது."

"எழுதுதேன் பெரியப்பா. ஆனா மாடசாமிக்கு உடம்பெல்லாம் சொறி. பக்கத்துல உக்கார மாட்டேன்னு பிள்ளைங்க சொல்லுது. அதான் அவன் போகல."

"சொறிக்குக் களிம்பு தடவுனா சமுதாயம் மாறிருமா?"

"மாறாது. கூலி கூடுத வரைக்கும் அந்தப் பய சொறிஞ்சிக்கிட்டே இருக்கணுமா?"

பார்த்தீர்களா வாய்? அவள் அப்பன் என் முன்னால் உட்காரக்கூட மாட்டான்.

என்ன செய்தாள் என்று கேளுங்கள். மாடசாமி வீட்டில் ஆறு பேருக்கும் ஒரே நாளில் களிம்பு தடவவைத்து, துணி பாய் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். பத்து நாளில் பையன் பள்ளிக்கூடம் போய்விட்டான். இது ஒரு சாதனையா? இன்னொருவனுக்குக் காதில் சீழ். வாத்தியார் சொல்வது கேட்காமல் கடைசி பெஞ்சில் முழித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் நின்றே விட்டான். அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு மூன்று தடவை கூட்டிப் போனாள். வாத்தியாரிடம் சொல்லி முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். பெஞ்சை மாற்றுவது போராட்டமா? ஒரு சிறுமி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாள். தாய் விடியுமுன்னே அளத்துக்குப் போகிறவள். அங்கன்வாடியைக் காலையில் ஒரு மணிநேரம் முன்னதாகத் திறக்கச் சொல்லி, அந்தக் குழந்தையை அங்கே விடவைத்தாள். அவ்வளவுதான். ஒரு கோஷம் கிடையாது, ஒரு சுவரொட்டி கிடையாது. செப்டம்பர் முடியுமுன் பதினெட்டுப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஊரில் ஒருவனுக்கும் எதற்காகப் போராட வேண்டும் என்று தெரியாமலே போய்விட்டது!

என் வீட்டுக்கும் வந்தாள். என் பேத்தி பத்தாவது படிக்கிறாள். நான் வைத்த பெயர், உரிமைச்செல்வி. மகன் திருப்பூரில். மருமகள் அளத்தில். பேத்தி என்னோடு. சொர்ணக்கிளி அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாள், எடை பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். ஒரு குறையும் இல்லை. என் வளர்ப்பு. போகும்போது என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். வாங்கி மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்ல" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவள் சீட்டை மறுபடியும் என் கையில் வைத்தாள். "இது உங்களுக்குத்தான் பெரியப்பா. கண்ணுல புரை எடுக்குத முகாம். பேரு எழுதிட்டேன். வந்தாப் போதும்."

லஞ்சம்! என் வாயை அடைக்கக் கண்ணைக் காட்டுகிறாள். போ என்று அனுப்பிவிட்டேன். மனு எழுதித் தரச் சொன்னபோது உங்களிடம் கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த திங்கட்கிழமையே அவள் மேல் மனு போட்டேன். நான் சொல்லச் சொல்ல உரிமைச்செல்வி எழுதினாள். அவள் எழுத்தைப் பார்க்க வேண்டும் தம்பி, அச்சடித்த மாதிரி இருக்கும் என்று இங்கே குமாஸ்தாக்களே சொல்வார்கள். என்ன கேட்டேன்? வெறுமனே 'காரணம் சொறி' என்று எழுதினால் போதாது. அந்தச் சொறிக்குப் பொறுப்பு யார்? பட்டியலில் 'பொறுப்பானவர் பெயர்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். தகப்பன் பெயரோடு நிரப்ப வேண்டும். அதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். எழுதி முடித்து ஐந்து சாட்சிக்கு முன்னால் பேத்தி வாசித்தாள். பஸ் ஏறினோம்.

அவள் வாசிப்பது பெரிய மனிதர் வாசிப்பது மாதிரி இருக்கும். நான் பழக்கியது. பெயர் வரும்போது நிறுத்து. தலையை நிமிர்த்து. கூட்டத்தில் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரி சொல். ஏழாவது படிக்கும்போதிருந்து என்னோடு வருகிறாள். ஒருநாளாவது வரமாட்டேன் என்றாளா? இல்லை. ஒரே ஒரு தடவை, "தாத்தா, இன்னைக்குக் கணக்குப் பரீட்சை" என்றாள். "பரீட்சை வருஷத்துக்கு நாலு வரும், கலெக்டர் திங்கக்கிழமதான் வருவாரு" என்றேன். சும்மா இருந்தாள். சும்மா இருந்தால் சம்மதம்தானே?

கோரிக்கை வென்றது. மேலிடத்திலிருந்து சொர்ணக்கிளிக்கு ஓலை வந்தது, கட்டம் சேர்க்கச் சொல்லி. அவளே வந்து சொன்னாள். கோபமே இல்லை அவளுக்கு. "நல்ல யோசனைதான் பெரியப்பா" என்றாள். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு இரக்கம் வந்தது. உண்மையான பொதுவேலை என்றால் என்ன என்று இவளும் கற்றுக்கொள்ளட்டும் என்று என் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு மனுவுக்கும் இங்கே கொடுத்த ரசீது, தேதி முத்திரையோடு, ஒன்றன் பின் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறேன். "இதப் பாரு. இந்த வருஷம் ஒரு திங்கக்கிழம விட்டதில்ல" என்றேன்.

ஒரு வாரம் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க வந்தபோது உட்காரவில்லை.

"பெரியப்பா, செல்வி இந்த வருஷம் இருபத்து மூணு நாள் பள்ளிக்கூடம் போகல. உடம்புல ஒண்ணுமில்லையே, ஏன்னு நானும் மூணு மாசமா மண்டைய உடைச்சிக்கிட்டேன். வயித்துவலியோ, சொல்ல மாட்டேங்காளோன்னு நெனச்சேன். உங்க ரசீதுத் தேதிய அவ வருகைப் பதிவேட்டோட வச்சுப் பாத்தேன். பதினாலு நாள் அப்படியே பொருந்துது. மீதி ஒம்பது, நீங்க மறியல் வச்ச நாளு."

"அது லீவு இல்லட்டி. பயிற்சி."

"வாத்தியாருக்கு அப்படிச் சொல்லத் தெரியாதுல்லா. இன்னும் எட்டு நாள் போச்சுன்னா பரீட்சைக்கு விடமாட்டாவளாம். ஹால் டிக்கெட் வராது. இனிமே ஒரு நாளும் விடாமப் போனாத்தான் விட்ட பாடமும் தேறும்."

"ஹால் டிக்கெட் வரலன்னா மனுப் போடுவோம்."

சொன்னேன் தம்பி. இந்த வாயால் சொன்னேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்னைக்குப் போடுவிய? திங்கக்கிழமையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பெரிய மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது?

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. சமுதாயக்கூடத்தில் இருநூறு பேர். வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கூட்டம், ஏனென்றால் பெயர் வாசிக்கப்போகிறார்கள் என்று நான் தெருத்தெருவாகச் சொல்லியிருந்தேன். ஊராட்சித் தலைவி அம்மாள் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சொர்ணக்கிளி தாளோடு எழுந்தாள். நான் தடுத்தேன். "நீ வாசிச்சா முழுங்கிருவ. என் பேத்தி வாசிக்கட்டும். இதுதான் சங்க முறை."

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "பெரியப்பா, பதினெட்டும் வாசிக்கச் சொல்லுங்க. கடைசிப் பக்கம் வேண்டாம்."

"ஏன்? யாரக் காப்பாத்துத?"

"வேண்டாம்னு சொல்லுதேன்."

"பாத்தீங்களாய்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "கடைசிப் பக்கத்த மறைக்கா! பெரிய புள்ளி ஒண்ணு மாட்டுது போலுக்கு!" கூட்டம் சலசலத்தது. தாளைப் பிடுங்கிப் பேத்தி கையில் கொடுத்தேன்.

அவள் வாசித்தாள். ஆகா! "மாடசாமி, ஆறாம் வகுப்பு. வராத நாள் பதினெட்டு. காரணம் சொறி, குளிக்கத் தண்ணீர் வராதது. பொறுப்பானவர், கந்தையா மகன் சுப்புக்குட்டி, குடிநீர்த் தொட்டி திறப்பவர்."

சுப்புக்குட்டி எழுந்துவிட்டான். "மோட்டார் ரிப்பேருங்கேன்! அதுக்கு எதுக்குய்யா செத்துப்போன எங்க அப்பாவ இழுக்கிய?"

"உக்காருல! பேரு வாசிக்கும்போது குறுக்க பேசக்கூடாது!" என்றேன். சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமாயிற்று.

பெரிய பெண்கள் ஆறு பேரின் பெயரை மட்டும் சொர்ணக்கிளி எழுதவில்லை. எட்டாம் வகுப்பு மாணவியர் ஆறு பேர், மாதம் நான்கு நாள், காரணம் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று மட்டும் இருந்தது. பொறுப்பானவர் கட்டத்தில் தலைவி அம்மாளின் பெயர், தகப்பன் பெயரோடு. அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வார மாசம் குழாய் போட்டுருவோம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். என் நான்காவது அநியாயம்! பத்து வருடமாக நான் கேட்ட தண்ணீர், ஒரு களிம்புக்காரியின் தாளில் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. யாருடைய விதிப்படி? என் விதிப்படி. அதை ஒருவரும் சொல்லவில்லை.

அப்புறம் கடைசிப் பக்கம்.

பேத்தி பக்கத்தைத் திருப்பினாள். நின்றுவிட்டாள்.

அதற்கு முன் நான் இன்று எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள்தானே எழுதப்போகிறீர்கள், தெரிய வேண்டும். எழுதுங்கள். மக்கள் குறை கேட்கும் நாளைத் திங்கட்கிழமையில் வைத்தது அரசாங்கத்தின் சதி. படிக்கிற பிள்ளை உள்ள எந்தக் குடும்பமும் வரமுடியாதபடி, வேண்டுமென்றே பள்ளிக்கூட நாளில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதைச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும். இதுதான் கோரிக்கை. நான் வேறு யாருக்காகக் கேட்கிறேன்? எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். மாற்றினால் அவள் வரலாம். வர விருப்பம் இருந்தால்.

இன்று வரவில்லை. காலையில் யூனிபார்ம் போட்டு, சடை பின்னி, என் சட்டைப்பையில் பஸ் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டு, "தாத்தா, பஸ் வந்தா கண்டக்டர்ட்ட இதக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதோ, அந்தத் தாள். காட்டவில்லை. காது இருக்கிறது, கேட்டு ஏறிக்கொண்டேன். இரண்டு தடவை வேறு பஸ்ஸில் ஏறினேன், அது கண்டக்டர்களின் திமிர்.

ஆமாம், கடைசிப் பக்கம். நின்றுவிட்டாள் என்றேன் அல்லவா? நான் தட்டிச் சொன்னேன். "வாசிட்டி! என்ன பயம்? எவனா இருந்தாலும் வாசி! தகப்பன் பேரோட!"

சொர்ணக்கிளி, "செல்வி, போதும்மா, வை" என்றாள்.

பேத்தி அவளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள் போல இருந்தது. முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, சமுதாயக்கூடத்தில் வெளிச்சம் போதாது. பிறகு ஆரம்பித்தாள்.

"உரிமைச்செல்வி, பத்தாம் வகுப்பு. வராத நாள் இருபத்து மூன்று. நோய் எதுவும் இல்லை. காரணம், மனு எழுதுவதும் மனு வாசிப்பதும்."

  

கூட்டம் முடிந்த பிறகு சொர்ணக்கிளி என்னிடம் வந்து சத்தியம் பண்ணினாள். "பெரியப்பா, அந்தப் பொறுப்பானவர் கட்டத்துல நான் ஒண்ணுமே எழுதல. காலியாத்தான் விட்டிருந்தேன்." தாளைக் காட்டினாள். நான் என்னத்தைப் பார்ப்பது? வெள்ளையாக இருந்தது. தாள் முழுவதுமே எனக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. கட்டத்தைக் காலியாக விடுவது எவ்வளவு பெரிய தவறு என்று அந்தக் களிம்புக்காரிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. என் பேத்திக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதாத கட்டத்தை அவள் வாசித்தாள் தம்பி.  பெயர் வரும்போது நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். கடைசி வரிசையில் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது, அப்புறம் விசாரித்தேன். நான்கு முருகனில் ஒருவன் தப்பித்த மாதிரி இதில் எவனும் தப்ப முடியாது. தகப்பன் பெயரை விடவில்லை. பட்டப்பெயரை விடவில்லை. பார்க்கிற வேலையை விடவில்லை. இருநூறு சாட்சிக்கு முன்னால், ஒவ்வொரு சொல்லாக:

"பொறுப்பானவர், பரமசிவம் மகன் சிவனணைஞ்ச பெருமாள் என்கிற தோழர் செங்கதிர், அமைப்பாளர், உப்பளத் தொழிலாளர் உரிமைச் சங்கம்."